சின்னத்திரையும் சாட்சிக் கூண்டும்

சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கப்பட்ட நாள் 1975 ஆகஸ்டு 15. அன்று தெருவுக்கு ஒன்றாக இருந்த அந்தப் பெட்டி இன்று வீட்டுக்கு ஒன்றாகி, அதுவும் போதாமல் ஆளுக்கொரு கைப்பேசித் திரையாகவும் ஆகிவிட்டது. தறியோசைக்குப் பெயர் பெற்ற அனகாபுத்தூர்த் தெருக்களில் இன்று இரவு ஒன்பது மணிக்கு நடந்து சென்றால், தறியின் ஒலி அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கேட்கிறது. சன்னல் தோறும் கேட்பது துப்பாக்கி வேட்டும், போலீஸ் வண்டியின் ஊளையும், "உண்மையைச் சொல்!" என்று அதட்டும் இன்ஸ்பெக்டரின் குரலும்தான். குடும்பக் கதைகளுக்கு அடுத்தபடியாக நம் மக்கள் விரும்பிப் பார்ப்பவை குற்றக் கதைகளே எனலாம்.

இத்தொடர்களைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் பெரியவர்கள் ஒரே குற்றச்சாட்டைக் கூறுகிறார்கள்: "இவற்றைப் பார்த்துத்தான் பிள்ளைகள் கெட்டுப் போகிறார்கள், கொலையும் கொள்ளையும் பெருகுகின்றன." இக்குற்றச்சாட்டில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் இதைவிடப் பெரிய கேடு ஒன்று ஓசையின்றி நடந்து வருகிறது என்பதே என் கருத்து. குற்றத் தொடர்கள் கொலைகாரர்களை உருவாக்குவது அரிது. நல்ல சாட்சிகளை இல்லாமற் செய்வது எளிது. அதைப் பற்றியே இக்கட்டுரையில் எழுத விழைகிறேன்.

திரை கற்றுத் தந்த குற்றமா?

முதலில் பழைய குற்றச்சாட்டையே ஆராய்வோம். தென் சென்னையையே உலுக்கிய ஆட்டோ சங்கர் வழக்கைப் பேராசிரியர்கள் மறந்திருக்க மாட்டார்கள். திருவான்மியூர்ப் பகுதியில் நடந்த கொலைகளுக்காகத் தண்டிக்கப்பட்டு, 1995 ஏப்ரல் 27 அன்று சேலம் மத்திய சிறையில் தூக்கிலிடப்பட்டவன் அவன். சினிமாதான் தன்னைக் கெடுத்தது என்று அவன் முதலில் கூறியதாகவும், தூக்கு நெருங்கிய நாளில் முற்றிலும் வேறு காரணங்களைக் கூறியதாகவும் செய்திகள் உண்டு. குற்றவாளிக்குத் திரைப்படம் ஒரு நல்ல சாக்கு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

அண்மைக் காலத்திலும் இத்தகைய செய்திகள் வந்துள்ளன. மலையாளத்தில் 2013 இல் 'திரிஷ்யம்' வெளிவந்தது. அதுவே தமிழில் 2015 இல் 'பாபநாசம்' ஆயிற்று. மத்தியப் பிரதேசத்தின் இந்தூரில் 2016 இல் ஓர் இளம்பெண் காணாமல் போன வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவர்கள் இந்தக் கதையின் இந்திப் படத்தைப் பார்த்துத் திட்டமிட்டதாக 2019 ஜனவரியில் போலீசார் அறிவித்தனர். போலீசாரைத் திசை திருப்ப ஓரிடத்தில் நாயின் உடலைப் புதைத்து வைத்தார்களாம். 2022 இல் டில்லியில் நடந்த கொடிய கொலை ஒன்றில், 'டெக்ஸ்டர்' என்னும் அமெரிக்கத் தொடர் வழிகாட்டியது என்று போலீசார் கூறினர்.

இவற்றில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திரையில் தப்பித்த கதாநாயகனைப் போல இவர்கள் தப்பவில்லை, பிடிபட்டனர். கொல்ல வேண்டும் என்ற எண்ணம் முன்னமே மனத்தில் இருந்தது. மறைக்கும் வழிக்கு மட்டும் திரையை நாடினர். மேலும், தொலைக்காட்சி என்னும் சொல்லையே நம் மக்கள் கேள்விப்படாத 1952 இல்தான் ஆளவந்தார் கொலை நடந்தது. தலையற்ற உடலைப் பெட்டியில் அடைத்துத் தனுஷ்கோடி செல்லும் ரயிலில் ஏற்றி, தலையை இராயபுரம் கடற்கரையில் புதைக்கும் யோசனையை எந்தத் தொடரும் கற்றுத் தரவில்லை. பொறாமையும் பேராசையும் வஞ்சமும் திரைக்கு மூத்தவை. ஆகவே கொலைக்கான பழி முழுவதையும் சின்னத்திரையின் மேல் சுமத்துவது நியாயமாகாது.

ஜூரிகள் இல்லாத நாடு

இனி நீதிமன்றத்துக்கு வருவோம். அமெரிக்காவில் 2000 இல் 'சி.எஸ்.ஐ.' என்ற தொடர் தொடங்கியது. ஒரு தலைமயிர், ஒரு துளி இரத்தம், ஒரு கைரேகை ஆகியவற்றைக் கொண்டு ஆய்வுக்கூடத்திலேயே குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடும் கதைகள் அவை. இதைப் பார்த்துப் பழகிய ஜூரிகள், உண்மையான வழக்குகளிலும் ஆய்வுக்கூடச் சான்று இல்லாவிட்டால் தண்டிக்கத் தயங்குகிறார்கள் என்று அங்குள்ள அரசு வழக்கறிஞர்கள் முறையிட்டனர். டொனால்டு ஷெல்டன் என்னும் நீதிபதி 2006 இல் மிச்சிகன் மாநிலத்தில் ஏறத்தாழ 1000 ஜூரிகளிடம் இதை ஆராய்ந்தார். எல்லாக் குற்ற வழக்குகளிலும் அறிவியல் சான்றை எதிர்பார்ப்பதாக 46 விழுக்காட்டினர் கூறினர். தொடர் பார்ப்பவர்களின் எதிர்பார்ப்பு சற்று மிகுதியாகவே இருந்தது. ஆனால் தீர்ப்பு என்று வரும்போது, பார்ப்பவர்களுக்கும் பார்க்காதவர்களுக்கும் பெரும்பாலும் வேறுபாடு இல்லை என்பதே அவர் கண்ட முடிவு.

"அது அவர்கள் நாட்டுக் கதை, நம் நாட்டில் ஜூரிகளே இல்லையே!" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஒரு காலத்தில் இங்கும் ஜூரிகள் இருந்தனர். தியாகராஜ பாகவதரும் கலைவாணரும் சிக்கிய லட்சுமிகாந்தன் கொலை வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றத்தில் 1945 இல் கேட்டவர்கள் ஜூரிகளே. 1959 இல் பம்பாயில் நானாவதி வழக்கில், பத்திரிகைகள் கிளப்பிய அனுதாப அலைக்கு நடுவே, ஜூரிகள் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் "குற்றவாளியல்ல" என்றனர். உயர் நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டுத் தண்டித்தது. 1973 இல் இயற்றப்பட்ட குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே இல்லாமற் போயிற்று.

எனவே நம் நாட்டில் தீர்ப்பளிப்பவர் சட்டம் பயின்ற நீதிபதி. அவர் சின்னத்திரையைப் பார்த்து மயங்கப் போவதில்லை என்றே கொள்வோம். ஆனால் வழக்கு அவர் முன் எப்படிப் போய்ச் சேருகிறது? கண்ணால் கண்டவர் சொல்ல வேண்டும். காதால் கேட்டவர் சொல்ல வேண்டும். பொருளைக் கைப்பற்றும்போது உடனிருந்து மகஜரில் கையெழுத்திட்டவர் வந்து "ஆம், என் முன்னிலையில்தான் எடுத்தார்கள்" என்று சொல்ல வேண்டும். சாட்சிகள் நீதியின் கண்ணும் செவியும் என்று பெந்தாம் என்னும் அறிஞர் கூறியதை நம் உச்ச நீதிமன்றம் பலமுறை நினைவூட்டியிருக்கிறது. அந்தக் கண்ணும் செவியும் நாம்தான். தொலைக்காட்சி முன் அமர்ந்திருப்பவர்களும் நாம்தான்.

நெசவாளர் ஊரில் இதை விளக்குவது எளிது. ஆய்வுக்கூடச் சான்று ஊடு என்றால், மனிதச் சாட்சி பாவு. பாவு அறுந்த தறியில் எவ்வளவு நல்ல ஊடு இழை இருந்தும் சேலை நெய்ய முடியாது.

தொடர்கள் மறைப்பவை

குற்றத் தொடர்கள் சாட்சியை எவ்வாறு மறைக்கின்றன என்று பாருங்கள். வடநாட்டில் 1998 முதல் 2018 வரை இருபது ஆண்டுகள், 1500க்கும் மேற்பட்ட பகுதிகளாக ஓடிய 'சி.ஐ.டி.' தொடரை எடுத்துக் கொள்வோம். கொலை நடக்கும்; கதவு உடைக்கப்படும்; ஆய்வுக்கூடத்து டாக்டர் ஒரு குழாயை ஆட்டிப் பார்த்து உண்மையைச் சொல்வார்; இறுதியில் கன்னத்தில் ஓர் அறை விழும்; குற்றவாளி அனைத்தையும் ஒப்புக் கொள்வான். கதை முடிந்தது. நீதிமன்றம் என்று ஒன்று இருப்பதே அந்த உலகத்துக்குத் தெரியாது.

உண்மையில் அந்த அறைக்குப் பிறகுதான் வழக்கே தொடங்குகிறது. மேலும், போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்று 1872 ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 25 ஆம் பிரிவில் விதித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமும் 23 ஆம் பிரிவில் அதையே விதிக்கிறது. அந்த வாக்குமூலத்தின் விளைவாக ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதைப் பற்றிய பகுதிக்கு மட்டுமே விலக்கு உண்டு. அடித்து வாங்கிய வாக்குமூலம் பொய்யாகவும் இருக்கும் என்பதை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே சட்டம் அறிந்திருந்தது. நம் தொடர்கள் இன்னும் அறியவில்லை! அறைவது போலீசாரின் இயல்பான வேலை என்று தினந்தோறும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் பென்னிக்சும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு உயிரிழந்த செய்தியில் அதிர்ச்சி எங்கிருந்து வரும்?

அதே சாத்தான்குளம் இன்னொரு பாடமும் தருகிறது. அந்தக் காவல் நிலையத்தில் காமிராக்கள் இருந்தன. பதிவுகள் அன்றன்றே அழிந்துவிடும்படி அமைக்கப்பட்டிருந்ததை விசாரிக்கச் சென்ற மாஜிஸ்திரேட் கண்டார். கருவி ஊமையாகிவிட்டது. அப்போது வாய் திறந்தவர் அதே நிலையத்தில் பணியாற்றிய ஒரு பெண் தலைமைக் காவலர். தன் மேலதிகாரிகள் அங்கேயே இருக்க, கண்டதைக் கண்டபடி சொன்னார். எந்த ஆய்வுக்கூடமும் செய்ய முடியாததை ஒரு மனுஷியின் துணிவு செய்தது.

நாம் ஏறும் ரயில் தடம்

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்று நாம் அனைவரும் பயணம் செய்யும் மின்ரயில் தடத்திலேயே நடந்தது. 2016 ஜூன் 24 காலை, நுங்கம்பாக்கம் நிலையத்தில், செங்கற்பட்டு மார்க்கத்தில் வேலைக்குச் செல்லக் காத்திருந்த இளம் மென்பொருள் ஊழியர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். பல்லாவரத்திலும் தாம்பரத்திலும் நாம் ஏறி இறங்கும் அதே தடம். நடைமேடையில் பயணிகள் இருந்தனர். பலர் வந்த வண்டியில் ஏறித் தம் வேலையைப் பார்க்கச் சென்றனர். முன்வந்து சொன்னவர் மிகச் சிலர்.

அதன் பிறகு நாடு முழுவதும் எழுந்த கேள்வி என்ன தெரியுமா? "நிலையத்தில் காமிரா ஏன் இல்லை?" என்பதே. நியாயமான கேள்விதான், காமிரா இருந்திருக்க வேண்டும். ஆனால் அத்தனை சோடிக் கண்கள் இருந்தனவே, அவை ஏன் பேசவில்லை என்று கேட்டவர் குறைவு. கருவி பார்த்துக் கொள்ளும், ஆய்வுக்கூடம் சொல்லிவிடும், நமக்கென்ன என்ற மனநிலை நமக்குள் வேரூன்றிவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவரும் அதே ஆண்டு செப்டம்பரில் புழல் சிறையில் இறந்தார். வழக்கு விசாரணைக்கே வரவில்லை. ஆனால் தொலைக்காட்சி விவாதங்களில் ஒரு நாளைக்கு ஒரு தீர்ப்பு வழங்கப்பட்டது.

அச்சமே அவர்கள் வாயை அடைத்தது, தொடர்கள் என்ன செய்யும் என்று கேட்பாரும் உண்டு. அச்சம் உண்மை; அதை நான் மறுக்கவில்லை. அதோடு கூலியும் சேர்ந்து கொள்கிறது. அனகாபுத்தூரிலிருந்து ஒரு நெசவாளி செங்கற்பட்டு செசன்ஸ் கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டுமானால், பல்லாவரம் வந்து ரயிலேறி ஒரு நாள் முழுவதையும் இழக்க வேண்டும். அன்று வழக்கு ஒத்தி வைக்கப்பட்டால் மறுபடியும் ஒரு நாள். ஆனால் இந்த இழப்பையும் அச்சத்தையும் தாண்டி ஒருவன் சாட்சி சொல்ல வருவதற்கு, தன் சொல் இல்லாமல் நீதி இல்லை என்ற நம்பிக்கை வேண்டும். அந்த நம்பிக்கையைத்தான் சின்னத்திரை அரித்துவிடுகிறது.

சாட்சி மாறினால் என்ன ஆகும் என்பதற்கு டில்லி ஜெசிகா லால் வழக்கு போதும். 1999 இல் பலர் நடுவே சுடப்பட்டார் அப்பெண். சாட்சிகள் பிறழ்ந்தனர். 2006 பிப்ரவரியில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலையாயினர். மக்கள் கொதித்தெழுந்த பின், அதே ஆண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றித் தண்டனை வழங்கியது.

வேட்டையும் விசாரணையும்

அனகாபுத்தூருக்கு அப்பால் குன்றத்தூர் வழியே சென்றால் சில மணித்துளிகளில் ஸ்ரீபெரும்புதூர்ச் சாலை வந்துவிடும். 1991 மே 21 இரவு ராஜீவ் காந்தி அங்கே கொல்லப்பட்டார். அந்த வழக்கின் துப்பறிதலை வைத்து 2025 இல் 'தி ஹண்ட்' என்ற இந்தித் தொடர் வெளிவந்தது. 'வேட்டை' என்று பெயரே சொல்கிறது. துரத்திப் பிடிக்கும் கதை அது.

அந்த வழக்கில் அறிவியலின் பங்கு பெரிது. இறந்துபோன புகைப்படக்காரரின் காமிராவிலிருந்த படங்கள் துப்புக் கொடுத்தன. தமிழகத் தடய அறிவியல் துறையின் இயக்குநராக இருந்த சந்திரசேகரன், இடுப்பில் கட்டிய வெடிகுண்டு என்பதைச் சிதறிய துண்டுகளிலிருந்து நிறுவினார். அவ்வளவு இருந்தும், பூந்தமல்லித் தனி நீதிமன்றத்தில் 288 சாட்சிகள் விசாரிக்கப்பட வேண்டியிருந்தது. 1998 ஜனவரி 28 அன்று அந்த நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம், நால்வரின் மரண தண்டனையை உறுதி செய்து, மூவருக்கு ஆயுள் தண்டனையாக்கி, மற்ற 19 பேரையும் விடுதலை செய்தது.

மாணவத் தோழர்களே, சிந்தித்துப் பாருங்கள்! வேட்டையோடு கதையை முடித்திருந்தால் அந்தப் 19 பேரின் கதி என்ன? தொடரில் விடுதலை என்றாலே "குற்றவாளி தப்பிவிட்டான்" என்று பொருள். சட்டத்தில் அதற்கு வேறு பொருளும் உண்டு. ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கப்படாதவனைத் தண்டிப்பதில்லை என்பது நீதியின் தோல்வியன்று, அதன் அடித்தளம்.

இந்த அடித்தளம் நம் மனத்தில் ஆட்டம் கண்டுவிட்டது என்பதற்கு 2019 டிசம்பரில் ஐதராபாத்தில் நடந்ததே சாட்சி. ஒரு பெண் மருத்துவரைக் கொடுமைப்படுத்திக் கொன்றதாகப் பிடிக்கப்பட்ட நால்வரைப் போலீசார் சுட்டுக் கொன்றனர். மக்கள் போலீசார் மேல் மலர் தூவினர். திரையில் இறுதிக் காட்சிக்குக் கைதட்டிப் பழகிய கைகள் அல்லவா! உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022 இல் வெளியானபோது, போலீசார் சொன்ன கதை புனையப்பட்டது என்றும், இறந்த நால்வரில் மூவர் அப்போது பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றும் தெரியவந்தது. தூவிய மலர்களை யார் திரும்ப எடுப்பது?

தமிழர்களாகிய நமக்கு இது புதிய பாடமும் அன்று. பொற்கொல்லன் சொல்லை நம்பி, விசாரியாமல் கோவலனைக் கொல்லச் செய்தான் பாண்டியன். அரசவைக்கு வந்த கண்ணகி அழுது புலம்பியதோடு நிற்கவில்லை. சிலம்பை உடைத்துக் காட்டினாள். முத்தா, மாணிக்கமா என்று அவையே கண்டது. பொருட்சான்றும் வேண்டும், அதை எடுத்துச் சொல்ல அஞ்சாத ஒரு சாட்சியும் வேண்டும் என்பதை இளங்கோவடிகள் காட்டிவிட்டார்.

திரையின் நன்மையும் உண்டு

ஒருதலையாகப் பேசுவது முறையன்று. திரை நமக்கு நன்மையும் செய்திருக்கிறது. 1984 இல் வந்த 'விதி' படத்தின் நீதிமன்ற வசனங்கள் டீக்கடை தோறும் ஒலிநாடாவில் முழங்கின. ஏமாற்றப்பட்ட பெண்ணும் கோர்ட்டுக்குப் போகலாம் என்ற எண்ணம் பரவியது. 1993 இல் போலீஸ் காவலில் இறந்த ராஜாக்கண்ணுவின் வழக்கைத் தழுவி 2021 இல் 'ஜெய் பீம்' வந்த பிறகு, 'ஆட்கொணர்வு மனு' என்ற சொல் கிராமம் வரை போய்ச் சேர்ந்தது. படம் இரண்டே முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. உண்மை வழக்கில் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2006 இல். பதின்மூன்று ஆண்டுகள் அலைந்தவர் அந்த எளிய மனைவி. அந்தப் பொறுமையையும் திரையில் ஓரளவு காட்டினார்கள் என்பதால் அப்படம் பாராட்டுக்குரியது.

ஆகவே தொடர்களைத் தடை செய்யுங்கள் என்று நான் கூறவில்லை. ஆய்வுக்கூடம் வேண்டாம் என்றும் கூறவில்லை. ஏழாண்டுக்குக் குறையாத தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் வல்லுநர் நேரில் சென்று சான்று திரட்ட வேண்டும் என்று புதிய சட்டமே கூறுகிறது, வரவேற்போம். அறிவியல் வளர வளர, அதை நீதிமன்றத்தில் பேச வைக்கும் மனிதர்களும் வளர வேண்டும் என்பதே என் வாதம்.

நாம் செய்யத்தக்கது

முதலாவதாக, தொடர் எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள். பத்துக் கொலைகளுக்கு நடுவே ஒரு சாட்சியின் கதையையும் எழுதுங்கள். மகஜரில் கையெழுத்திட்ட மளிகைக் கடைக்காரர், மூன்று முறை வாய்தா கேட்டும் சலிக்காமல் வந்து உண்மை சொல்லும் கதையில் விறுவிறுப்பு இல்லையா?

இரண்டாவதாக, அரசுக்கு. 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை ஏற்று, நாடு முழுவதும் பின்பற்றப் பணித்தது. அப்படி ஒன்று இருப்பதே நம் தெருக்களில் பலருக்குத் தெரியாது. காவல் நிலையத்தின் வாசலில் அதைத் தமிழில் எழுதி வைக்கலாம். சாட்சிக்குத் தரும் படியும் ஒரு நாள் கூலிக்காவது ஈடாக இருக்க வேண்டும்.

மூன்றாவதாக, நமக்கு. நீதிமன்றம் திறந்த மன்றம். சிலவகை வழக்குகள் தவிர, யாரும் அமைதியாக அமர்ந்து கேட்கலாம். ஆண்டுதோறும் மாமல்லபுரத்துக்கும் ஏற்காட்டுக்கும் சுற்றுலா செல்லும் நாம், ஒரு நாள் தாம்பரம் கோர்ட்டுக்கோ செங்கற்பட்டு கோர்ட்டுக்கோ சென்று வரலாமே! அங்கே சாட்சிக் கூண்டில் நடுங்கும் குரலில் "ஐயா, நான் பார்த்தேன்" என்று சொல்லும் ஒரு சாதாரண மனிதரைக் கண்டால், நூறு தொடர்கள் மறைத்த உண்மை ஒரு நாழிகையில் விளங்கிவிடும். துறைத் தலைவர்கள் இதற்கு ஆவன செய்ய வேண்டுகிறேன்.

நம்மில் பலர் நாளை ஆசிரியராகலாம், எழுத்தராகலாம், காவலராகலாம். துப்பறியும் நிபுணராகப் போகிறவர் அரிது. ஆனால் தெருவிலோ ரயிலிலோ ஒரு நாள் ஏதோ ஒன்றைக் கண்ணால் காணும் வாய்ப்பு ஒவ்வொருவருக்கும் வரும். அன்று நம்மைத் தேடி வரும் சம்மனைக் கையெழுத்திட்டு வாங்கிக் கொள்வோம்; குறித்த நாளில் போய் நின்று, கண்டதைச் சொல்வோம். நீதி நம்மிடம் கேட்பது அவ்வளவுதான்.